தூசுக்கு மருந்து தூசு

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில், டிம்மின்ஸ் நகரை ஒட்டி ஷூமாகர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மெக்கின்டயர் தங்கச் சுரங்கம் அங்கேதான் இருந்தது. அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் ஷிப்டுக்கு வரும் ஆட்கள் உடை மாற்றுவதற்கென்று தரைக்கு மேலே ஒரு நீண்ட கூடம் உண்டு. கொக்கியில் துணியை மாட்டிச் சங்கிலியை இழுத்தால் அது கூரைக்கு ஏறிக் காயும். வேலை முடிந்து வந்து சங்கிலியைத் தளர்த்தினால் இறங்கி வரும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தக் கூடங்களில் ஒரு புதிய வழக்கம் சேர்ந்தது. ஆட்கள் உடை மாற்றி முடித்ததும் கதவுகள் சாத்தப்படும். விசிறிகள் நிற்கும். சின்னத் தகர டப்பா ஒன்றை அழுத்தக்காற்றுக் குழாயில் பொருத்தித் திறப்பார்கள். கரிய தூள் புகைபோல எழுந்து கூடத்தை நிறைக்கும். பத்து நிமிடம் அதை மூச்சில் இழுக்க வேண்டும். அதன் பிறகுதான் சுரங்கத்தில் இறங்கலாம்.

அது அலுமினியத் தூள். நுரையீரலில் படியும் கல்தூசுக்கு அது மாற்று மருந்து என்று சொல்லப்பட்டது. ‘மெக்கின்டயர் தூள்’ என்ற பெயரில் 1943 முதல் 1979 வரை, முப்பத்தாறு ஆண்டுகள், ஒன்டாரியோவின் தங்கச் சுரங்கங்களிலும் யுரேனியச் சுரங்கங்களிலும் இது நடந்தது. அமெரிக்கா, மெக்சிகோ, பெல்ஜிய காங்கோ, மேற்கு ஆஸ்திரேலியா என்று எல்லை கடந்தும் போனது. பல இடங்களில் ஆளின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. வேலை வேண்டுமானால் கூடத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

இதை ஒரு கொடுமைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொடுமை இருக்கத்தான் செய்கிறது, பின்னால் வருகிறேன். ஆனால் இந்தத் தவறு எங்கே முளைத்தது என்பதுதான் என்னை அதிகம் இழுக்கிறது. குவார்ட்ஸ் தூசு நுரையீரலை எப்படிக் கெடுக்கிறது என்ற கேள்விக்கு அன்றைக்குச் செல்வாக்காக இருந்த விடை, கல்லையும் தண்ணீரையும் மட்டும் பார்த்தது. அந்தத் தூசை வாயில் போட்டுக்கொள்ளும் செல்லைப் பார்க்கவில்லை. ஏறக்குறைய சரியான வேதியியல், தவறான உயிரியல். இந்த நிகழ்வை அப்படித்தான் படிக்கிறேன்.

பொன்னும் வெண்கல்லும்

அந்தப் பகுதியில் தங்கம் தனியாகக் கிடக்கவில்லை. வெள்ளை குவார்ட்ஸ் நரம்புகளுக்குள் ஓடியது. பொன்னை எடுக்க குவார்ட்ஸைத் துளையிட வேண்டும், வெடிவைத்துத் தகர்க்க வேண்டும், அரைக்க வேண்டும். குவார்ட்ஸ் என்பது படிக வடிவிலான சிலிக்கா. அதன் தூசை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு வரும் நோய் சிலிகோசிஸ். நுரையீரலுக்குள் கெட்டியான சிறு முடிச்சுகள் உருவாகும். ஒரு முடிச்சை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியதுபோல நார்கள் வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கும். முடிச்சுகள் ஒன்றோடொன்று இணைந்து பெருக்கும்போது மூச்சுக்கு இடமில்லாமல் போகிறது. காசநோயும் சேர்ந்துகொள்ளும். வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் 1940களில் மருத்துவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது சிலிகோசிஸ் பெருவாரியாகத் தெரியவந்தது.

ஒன்டாரியோ 1926-இல் சிலிகோசிஸை இழப்பீடு பெறத்தக்க தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. அதோடு சுரங்க முதலாளிகளுக்கு நோய் ஒரு செலவுக் கணக்காகவும் மாறியது. தூசைக் குறைக்க வழிகள் தெரிந்தே இருந்தன. துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சலாம், காற்றோட்டத்தைப் பெருக்கலாம், வெடிவைத்த பின் ஆட்களை உடனே அனுப்பாமல் தூசு அடங்கக் காத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் பணமும் நேரமும் ஆகும். பத்து நிமிடத்தில், ஒரு டப்பா தூளில் காரியம் முடியும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

முயல்கள் சொன்னதும் சொல்லாததும்

1922-இல் கய், பர்டி என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கூழ்ம நிலையிலுள்ள சிலிக்கா திசுக்களுக்கு நஞ்சாவதைக் காட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு கொள்கை வளர்ந்தது. நுரையீரலின் ஈரத்தில் சிலிக்கா மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலம் ஆகிறது. அந்த அமிலமே நஞ்சு. நஞ்சு பட்ட இடத்தில் தழும்பு விழுகிறது. கேட்பதற்கு ஒழுங்கான விளக்கம். இதை ஏற்றுக்கொண்டால் மருந்தும் கையோடு வந்துவிடுகிறது. கல் கரையாமல் தடுத்துவிட்டால் போதும்.

மெக்கின்டயர் சுரங்கத்தில் உலோகவியலாளராக இருந்த ஜேம்ஸ் டென்னி இந்தத் திசையில் யோசித்தார். நுண்ணிய அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து நீரேறிய அலுமினாவாக மாறும். அது குவார்ட்ஸ் துகளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டால் சிலிக்கா கரைவது நின்றுவிடும். சோதனைக் குழாயில் நின்றது. டென்னியும் சுரங்க மருத்துவர் ராப்சனும் டொரன்டோவில் பான்டிங் நிறுவனத்தைச் சேர்ந்த டட்லி இர்வினும் முயல்களில் சோதித்தார்கள். இன்சுலினால் புகழ்பெற்ற பான்டிங்கின் பெயர் தாங்கிய நிறுவனம் என்பதால் ஆய்வுக்கு மதிப்பு கூடுதலாகவே கிடைத்தது. குவார்ட்ஸ் தூசை மட்டும் சுவாசித்த முயல்களுக்கு நுரையீரலில் நார்த்திசு உருவானது. குவார்ட்ஸோடு நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு அலுமினியத் தூள் கலந்த காற்றைச் சுவாசித்த முயல்களுக்கு உருவாகவில்லை. 1937-இல் கனடிய மருத்துவ சங்க இதழில் இது ‘முதற்கட்ட அறிக்கை’ என்ற பெயரில் வெளிவந்தது.

முதற்கட்டம் என்று அவர்களே போட்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த முயல்களுக்குக் கல்லும் உலோகமும் ஒரே காற்றில், ஒன்றாகக் கலந்து போயின. உடைமாற்றும் கூடத்தில் உட்கார்ந்த மனிதருக்கோ ஷிப்டுக்கு முன்னால் பத்து நிமிடம் அலுமினியம். பிறகு எட்டு மணி நேரம் குவார்ட்ஸ். நேற்றும் போன வருடமும் உள்ளே போன குவார்ட்ஸ் ஏற்கெனவே ஏதோ ஒரு செல்லின் வயிற்றில் இருக்கிறது. அலுமினியம் அங்கே போய் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் போர்வை போர்த்த வேண்டும். இந்த இடைவெளியை அந்த அறிக்கை கடக்கவில்லை. ஆனால் சுரங்கங்கள் ஆறு ஆண்டுகளில் கடந்துவிட்டன.

விழுங்கும் செல்

நுரையீரலின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு காற்றுப்பைதான் நுண்ணறை. அதற்குள் உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். மூச்சில் வரும் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் சளியில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். நான்கைந்து மைக்ரானுக்குக் குறைவானவைதான் அடிவரை போகும். தலைமுடி ஏறத்தாழ எழுபது மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். கண்ணுக்குத் தெரிகிற தூசைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். வெயில் கீற்றில்கூடத் தெரியாதது ஆபத்து.

அடியில் காத்திருப்பது மேக்ரோஃபேஜ். தமிழில் பெருவிழுங்கி என்கிறார்கள், பொருத்தமான பெயர். கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளின் உள்சுவரில் இவை ஊர்ந்துகொண்டே இருக்கும். பாக்டீரியா, இறந்த செல், புகைக்கரி, மகரந்தத் துணுக்கு என்று எது வந்தாலும் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். முடிந்ததைச் செரிக்கும். முடியாததைச் சுமந்துகொண்டு மேலேறும்; சளிப்படலம் வரை போய்விட்டால் மீதியை மூச்சுக்குழாயின் நுண்மயிர்களான குற்றிழைகள் தள்ளிவிடும். சாதாரணமான வீட்டுத்தூசு இப்படித்தான் நம் நெஞ்சை விட்டுப் போகிறது.

ஒரு குவார்ட்ஸ் துகள் வருகிறது. இரண்டு மைக்ரான் நீளம், அன்றுதான் உடைந்த கல், விளிம்பெல்லாம் புதிது. பெருவிழுங்கியின் மேற்பரப்பில் இருக்கும் ‘மார்க்கோ’ போன்ற ஏற்பிகள் அதைப் பற்றுகின்றன. செல்சவ்வு இருபுறமும் எழுந்து துகளை மூடுகிறது. இப்போது துகள் செல்லுக்குள் ஒரு சவ்வுப் பைக்குள் இருக்கிறது. லைசோசோம் என்னும் இன்னொரு பை வந்து இதோடு கலக்கிறது. அதற்குள் அமிலமும் செரிமான நொதிகளும். ஒரு பாக்டீரியாவாக இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். குவார்ட்ஸை எந்த நொதியும் தொட முடியாது. அதற்கு மாறாக, குவார்ட்ஸின் மேற்பரப்பு பையின் சவ்வைப் பற்றிக்கொண்டு குலைக்கிறது. பை கிழிகிறது. செரிமானச் சாறு செல்லின் உட்பகுதிக்குள்ளேயே கொட்டுகிறது.

1966-இல் லண்டனில் ஆலிசன், ஹாரிங்டன், பிர்பெக் ஆகியோர் இந்தக் கிழிசலைத்தான் காட்டினார்கள். ஒப்பீட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது வைரத்தூள். அதுவும் கரையாது, அதுவும் கூரானது, செல் அதையும் விழுங்கும். ஆனால் வைரம் பைக்குள்ளேயே சமர்த்தாகக் கிடந்தது, செல் பிழைத்தது. சிலிக்கா போன செல்களில் நொதிகள் வெளியே கசிந்தன, செல்கள் செத்தன. இந்த ஒரு ஒப்பீடு இரண்டு பழைய ஊகங்களை ஒரே அடியில் சாய்க்கிறது. கூர்முனை குத்திக் கிழிக்கிறது என்பது சரியில்லை. வைரத்தைவிடக் கெட்டியான முனை எது? வெளியே கரைந்த அமிலம் கொல்கிறது என்பதும் சரியில்லை. கொலை செல்லுக்குள், பைக்குள் நடக்கிறது.

மறு ஆண்டே ஹெப்பிள்ஸ்டனும் ஸ்டைல்ஸும் தழும்பின் கதையைச் சொன்னார்கள். பெருவிழுங்கிகளுக்கு சிலிக்காவை ஊட்டி, அந்தச் செல்களின் சாறை எடுத்து, நார்த்திசுவை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்குக் கொடுத்தார்கள். அவை தழும்பின் நார்ப்புரதமான கொலாஜனைக் கூடுதலாக உற்பத்தி செய்தன. தழும்பு போடச் சொல்லும் கட்டளை பெருவிழுங்கியிடமிருந்து வருகிறது என்பதற்கு அது தொடக்கச் சான்று.

பிறகு நாற்பது ஆண்டுகள் கழித்து, 2008-இல், மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. செல்லுக்குள் கொட்டிய நொதிகளில் ஒன்றான கதெப்சின்-பி போன்ற கலவரச் சமிக்ஞைகளைக் கண்டதும் என்எல்ஆர்பி3 என்ற புரதம் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகத் திரள்கிறது. அதற்கு இன்ஃப்ளமசோம் என்று பெயர். அது காஸ்பேஸ்-1 நொதியை முடுக்கிவிடுகிறது. காஸ்பேஸ்-1 இன்டர்லூகின்-1 பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தை வெட்டித் தயார் செய்கிறது. அது வெளியேறி அழற்சியைக் கூப்பிடுகிறது. செல்லும் பெரும்பாலும் வெடித்து இறக்கிறது.

இறந்த செல் தன் வயிற்றிலிருந்த குவார்ட்ஸைக் கீழே போடுகிறது. துகளுக்கு ஒரு கீறலும் இல்லை. அழற்சியின் அழைப்புக்கு ஓடிவந்த அடுத்த பெருவிழுங்கி அதை எடுத்து விழுங்குகிறது.

சிலிகோசிஸின் மொத்தக் கொடூரமும் இந்தச் சுழற்சியில் இருக்கிறது. சுரங்க வேலையை விட்டு இருபது வருடம் ஆனவருக்கும் நோய் முற்றுவது ஏன் என்றால், தூசு வருவது நின்றாலும் உள்ளே இருக்கும் தூசு ஓய்வு பெறவில்லை. காசநோய் கூடவே வருவதற்கும் இங்கேதான் காரணம். காசக் கிருமியை எதிர்கொள்ள வேண்டிய முதல் காவலரும் இதே பெருவிழுங்கி. கல்லை விழுங்கிச் சாகிற காவலரால் கிருமியை அடக்க முடியவில்லை.

கரைதல் கொள்கையின் ஓட்டைகள்

1966 வரை காத்திருக்கத் தேவையில்லாமலே கரைதல் கொள்கையில் ஓட்டைகள் தெரிந்தன. படிகமாக இல்லாத கண்ணாடி வடிவ சிலிக்கா குவார்ட்ஸைவிட நன்றாகக் கரையும். ஆனால் விலங்குகளின் நுரையீரலில் அது விளைவித்த தழும்பு குறைவு. அமிலம்தான் குற்றவாளி என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? 1950களின் இறுதியில் இன்னொரு சோதனை. செல்கள் நுழைய முடியாத, ஆனால் கரைந்த பொருள் வெளியே கசியக்கூடிய நுண்துளைச் சிமிழுக்குள் சிலிக்காவை அடைத்து விலங்கின் வயிற்றுக்குழிக்குள் வைத்தார்கள். சிலிசிக் அமிலம் வெளியே வந்திருக்கும். சுற்றிலும் சிலிக்காவுக்குரிய தழும்பு வரவில்லை. செல் தொட்டால்தான் நோய்.

இத்தனைக்கும் பெருவிழுங்கி புதுக் கண்டுபிடிப்பு அல்ல. மெச்னிகோவ் விழுங்கும் செல்களைப் பற்றி 1880களிலேயே எழுதினார். அதற்காக 1908-இல் நோபல் பரிசும் பெற்றார். நுரையீரல் பெருவிழுங்கிகளுக்கு நோய்க்குறியியலாளர்கள் வைத்திருந்த பெயரே ‘தூசு செல்’ என்பதுதான். அந்தச் செல்லுக்குள் தூசு இருப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். குப்பை வண்டியில் குப்பை இருப்பதை யார் ஆராய்வார்கள்? நோயை நடத்துவதே அந்த வண்டிதான் என்று தோன்றுவதற்கு இவ்வளவு காலம் ஆனது.

ஆனால் டென்னி தரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். அலுமினியம் குவார்ட்ஸின் நச்சுத்தன்மையைக் குறைக்கும் என்பது பொய்யில்லை. 1980களில் கியூபெக்கில் பெஜின் குழுவினர் குவார்ட்ஸை முன்கூட்டியே அலுமினியம் லாக்டேட்டில் ஊறவைத்துச் செம்மறியாடுகளின் நுரையீரலில் செலுத்தினார்கள், பாதிப்பு குறைந்தது. காரணமும் இப்போது தெளிவாகிவருகிறது. குவார்ட்ஸின் மேற்பரப்பில் சிலிக்கானோடு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த சிலனால் தொகுதிகள் இருக்கின்றன. இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட சிறு தூரத்தில், அண்டையோடு வலுவாகக் கைகோர்க்காமல் நிற்கும் சிலனால்கள்தான் செல்சவ்வைக் குலைக்கின்றன. படிகத்தை உடைக்கும்போது அவை புதிதாகத் தோன்றுகின்றன. அலுமினியம் வந்து அந்த மேற்பரப்பை மூடினால் கை கட்டப்படும். ஆக, டென்னியின் போர்வை சரியான இடத்தில்தான் விழுந்தது, தவறான காரணத்துக்காக. கல் கரைவதைத் தடுத்ததால் வந்த பயன் அல்ல அது. கல்லுக்கும் சவ்வுக்கும் நடுவே நின்றதால்தான் பயன்.

சோதனைச்சாலையில் ஊறவைத்த கல்லுக்கு அது நடக்கும். மனிதனின் நெஞ்சுக்குள், செல்லின் வயிற்றுக்குள், ஏற்கெனவே கிடக்கும் கல்லுக்கு?

அந்தக் கேள்விக்கு மனிதர்களிடமிருந்து விடை வந்தபோது தூள் கூடங்களில் ஓடிக்கொண்டிருந்தது. 1944-இல் கனடாவில் சிலிகோசிஸ் நோயாளிகளுக்கு அலுமினியத் தூளைச் சுவாசிக்கக் கொடுத்தவர்கள் மூச்சும் இருமலும் தேறியதாக எழுதினார்கள். அளவுகோல் பெரும்பாலும் நோயாளி சொல்வது. ஏதோ மருந்து கிடைக்கிறது என்ற ஆறுதலே பாதி மூச்சைத் தரும். 1956-இல் கென்னடி என்ற ஆய்வாளர் இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலாளர்களிடமும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடமும் ஒப்பீட்டுக் குழு வைத்துச் சோதித்தார். பயன் எதுவும் தென்படவில்லை. இதற்கு முன்பே, போர்க்கால ஜெர்மனியில் வெடிமருந்துக்கான அலுமினியப் பொடி தயாரித்த தொழிலாளர்களின் நுரையீரல்களில் தழும்பு விழுந்திருந்தது. அலுமினியமே நார்த்திசுவை உண்டாக்க முடியும் என்பதற்கு எச்சரிக்கை அச்சில் இருந்தது.

அப்படியிருந்தும் ஏன் நிறுத்தவில்லை? ஒன்டாரியோவில் புதிய சிலிகோசிஸ் நோயாளிகள் குறைந்துகொண்டே வந்தார்கள், அது கண்ணால் கண்ட உண்மை. ஆனால் 1930களிலிருந்தே ஈரத் துளையிடலும் காற்றோட்டமும் மேம்பட்டுத் தூசு குறைந்துவந்தது. சிலிகோசிஸ் தலைகாட்டப் பதினைந்து, இருபது வருடம் பிடிக்கும். எனவே 1950களில் கண்ட நல்ல பலன் 1930களில் பாய்ச்சிய தண்ணீருக்குரியதாக இருக்கலாம். பெயரைத் தட்டிக்கொண்டு போனது கருப்பு டப்பா. தூள் தராத ஒத்த சுரங்கம் ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை நிர்வாகத்துக்கு இல்லை. இல்லாததால் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை.

ஒரே தலைப்பில் இரண்டு பெயர்

2008-இன் அந்த மூன்று ஆய்வுகளில் ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: சிலிக்கா படிகங்களும் அலுமினிய உப்புகளும் சவ்வுப் பையைக் குலைத்து இன்ஃப்ளமசோமைத் தூண்டுகின்றன. ஹார்னுங், லாட்ஸ் முதலியோரின் கட்டுரை. முதன்முறை படித்தபோது தலைப்பிலேயே நின்றுவிட்டேன். நஞ்சும் மாற்று மருந்தும் ஒரே வாக்கியத்தில், ஒரே குற்றச்சாட்டின் கீழ்.

அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது தடுப்பூசிகளில் நோயெதிர்ப்பைத் தூண்டுவதற்காகச் சேர்க்கும் அலுமினிய உப்பு. 1920களிலிருந்து பழக்கத்தில் இருப்பது. தசையில் மிகச் சிறிய அளவில், சில முறை மட்டும். மெக்கின்டயர் தூளில் இருந்தது வேறு: 15 சதவீதம் அலுமினிய உலோகம், 85 சதவீதம் அலுமினியம் ஆக்சைடு. அது போனது நேராக நுண்ணறைக்கு, ஒவ்வொரு ஷிப்டுக்கும். தடுப்பூசியைப் பயமுறுத்த யாராவது இந்தக் கதையைப் பயன்படுத்தினால் அது அறிவீனம். நான் எடுத்துக்கொள்ளும் பாடம் குறுகியது. செரிக்க முடியாத நுண்துகள் எதுவானாலும் அதைப் பெறப்போவது பெருவிழுங்கிதான். அதற்கு அது ஒரு வேலைச்சுமை. சுமை எவ்வளவு, அந்தச் செல் என்ன செய்யும் என்று முதலில் அதனிடம் கேட்டிருக்க வேண்டும்.

சுமை எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. அன்றைய அளவீட்டில், உடைமாற்றும் கூடத்தில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்கு 20,000 முதல் 34,000 துகள்கள் என்று இலக்கு வைத்துத் தூவினார்கள். கன சென்டிமீட்டர் என்றால் ஒரு சுண்டைக்காய் அளவு இடம். மிஞ்சிக் கிடைத்த பழைய டப்பாக்களை அண்மையில் திறந்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் ஏராளமாக இருந்தன. தூள் நுரையீரலின் அடிவரை போகும்படி நன்றாக அரைக்கப்பட்டிருந்தது. அதுதான் அவர்களின் நோக்கமும். அந்த வேலையைச் செம்மையாகவே செய்திருந்தார்கள்.

பிறகு

1979-இல் ஒன்டாரியோவில் தூள் நின்றது. விட்டுப்போன கேள்விகள் நிற்கவில்லை. 1990-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, தூளைச் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்கள் நினைவாற்றல் முதலிய அறிவுத்திறன் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்ததைக் காட்டியது. நரம்பு நோய் என்று மருத்துவர் உறுதிசெய்ததில் வேறுபாடு இல்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் 1,894 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வந்தது. அவர்களில் 647 பேர் அலுமினியத் தூளைச் சுவாசித்ததாகச் சொல்லியிருந்தார்கள். சிலிகோசிஸிலிருந்து பாதுகாப்பு ஏதேனும் கிடைத்ததா என்று பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அல்சைமர் நோயால் இறப்பு கூடியிருக்கும் என்பதற்குச் சாடை தெரிந்தது, ஆனால் எண்ணிக்கை சிறியது என்பதால் உறுதியாகச் சொல்ல முடியாத அளவில். எனக்கு முதல் விடைதான் கனக்கிறது. தீங்கு எவ்வளவு என்று வாதிட்டுக்கொண்டிருக்கலாம்; எந்த ஒரு காரணத்துக்காகத் தூளைக் கொடுத்தார்களோ அந்தக் காரணமே நிறைவேறவில்லை.

ஒன்டாரியோவில் இந்தக் கேள்வியைக் கோப்புகளிலிருந்து மீண்டும் மேசைக்குக் கொண்டுவந்தவர் ஜானிஸ் மார்ட்டெல் என்ற பெண். அவருடைய தந்தை எலியட் லேக் யுரேனியச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கூடத்தில் உட்கார்ந்து தூளைச் சுவாசித்தவர். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோயாளி. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று மகள் கேட்டார். விடை சொல்வதற்கு யாரிடமும் ஆய்வு இல்லை. அவர் தாமாகவே தூளைச் சுவாசித்த தொழிலாளர்களின் பெயர்களையும் நோய்களையும் சேகரிக்கத் தொடங்கினார். 2016-இல் டிம்மின்ஸிலும் சட்பரியிலும் முகாம்கள் நடந்தன. வயதான சுரங்கத் தொழிலாளர்கள் வந்து, எந்தச் சுரங்கம், எத்தனை வருடம், என்ன நோய் என்று சொல்லி எழுதவைத்தார்கள். வர முடியாதவர்களின் கதையை மனைவிமார் சொன்னார்கள்.

அந்தப் பட்டியல் பிறகு புள்ளியியலுக்கு வழிவிட்டது. ஒன்டாரியோவின் தொழில்சார் புற்றுநோய் ஆய்வு மையம், பழைய சுரங்கப் பதிவேடுகளையும் மருத்துவப் பதிவுகளையும் இணைத்து முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்தது. ஏறத்தாழ நான்கில் ஒருவர் தூளைச் சுவாசித்தவர். அவர்களிடம் பார்க்கின்சன் நோய் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. 2022-இல் மெக்கின்டயர் தூளோடு தொடர்புடைய பார்க்கின்சனை மாகாணம் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டின் இறுதியில் மாகாண அரசு மன்னிப்பும் கேட்டது.

மார்ட்டெல்லின் தந்தை 2017-இல் இறந்தார். அவருக்கான இழப்பீட்டுக் கோரிக்கை ஏற்கப்பட்டது அதன் பிறகு.